முதல் பத்து நிமிடம்

ஏப்ரலில் ஆறு எங்கள் ஊரின்
சுத்திகரிப்பு நிலையத்தைத் தூக்கிக்கொண்டு போனது.
தண்ணீர் வந்து
தண்ணீரை அடித்துக்கொண்டு போன கதையை
டொங்காட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்,
கையிலிருக்கும் வாளியைக் கீழே வைக்காமல்.

டேங்கர் வரும் நேரம் டேங்கருக்கே தெரியாது.
ஒரு நாள் விடியற்காலை மூன்று மணி.
ஒரு நாள், நான் டர்பனுக்குப் பாதி வழியில் இருக்கும்போது.
பக்கத்து வீட்டு நொமூசா போன் செய்வாள்.
"அமான்சி!"
தண்ணீருக்கு அவள் மொழியில் அதுதான் சொல்.
வேறெதுவும் சொல்லாமல் வைத்துவிடுவாள்.
என் வாளிகள் இரண்டும் அவள் வாளிகளுக்கு நடுவே
வரிசையில் நின்றிருக்கும், அவள் வீட்டு ஆட்கள் போல.

எனக்கு வேலை மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்.
அங்கே எட்டு மணி நேரமும் தண்ணீர் இரையும்.
யாருடைய இரத்தமோ, யாருடைய பிள்ளையின் முதல் துணியோ
நுரைத்து வெளுத்து வடிகாலில் போகும்.
மாலையில் மூன்று புட்டிகளைப் பைக்குள்
படுக்க வைத்துக்கொண்டு கிளம்புவேன்.
வாசல் காவலர் செலே பையைத் திறக்கச் சொல்வார்.
பார்ப்பார்.
"ஜின்னா?" என்பார்.
மூடச் சொல்வார்.

ஆகஸ்டில் பில் வந்தது.
நான்கு மாதம் காற்றைத் துப்பிய குழாய்க்கு
எண்ணூற்றுப் பன்னிரண்டு ரேண்ட்.
காற்றுக்கும் மீட்டர் சுற்றும் என்றார் கவுண்டரில் இருந்தவர்,
மழைக்கு ஈரம் உண்டு என்பது போல.

அன்றிரவு பூபாலனிடம் சொன்னேன்:
காரின் கியர்பெட்டி காத்திருக்கட்டும்.
மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை.
நான்காம் நாள் லாரிக்காரர்கள்
பச்சை ஜோஜோ தொட்டியை இறக்கும்போது
அவர்தான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார்,
இரண்டாயிரத்து ஐந்நூறு லிட்டர் வெறுமை
காற்றில் உருண்டு ஓடாமல்.

கூரை ஓரம் தகரப் பீலி கட்டினோம்.
மகனின் கோலிக்குண்டை உருட்டிச் சாய்வு பார்த்தோம்.
மூடியைத் திறக்கக் கற்றுக்கொண்ட குரங்குக்கு
ஒரு கல்.
அது தள்ளிவிட்டதும் இரண்டு கல்.

செப்டம்பர் முழுக்கக் கரும்பு எரிந்தது.
வெட்டுவதற்கு முன் தோட்டங்களைக் கொளுத்துவார்கள்.
கருஞ்சாம்பல் சுருள் சுருளாக இறங்கி
கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் உட்காரும்,
தொட்டால் மை.
கப்பலிலிருந்து இறங்கியவர்கள்
நட்டு வெட்டிய கரும்பின் மறுதாம்பு,
அதன் மறுதாம்பு,
என் கூரையில் வந்து படிந்திருந்தது.
அதைக் குடிக்க என்னால் முடியாது.

அக்டோபரில், இரவு பத்தேகாலுக்கு, மழை.
பூபாலன் பனியனோடு வெளியே ஓடி
வளைகுழாயைத் தொட்டியின் வாயிலிருந்து திருப்பிப் பிடித்தார்.
கறுப்பாகக் கொட்டியது, வாழையின் காலடியில்.
ஆறு மாதம் சொட்டுக்குச் சொட்டு எண்ணிய இரண்டு பேர்
தண்ணீரை மண்ணில் விட்டுக்கொண்டு நின்றோம்.
ஜன்னலில் நொமூசா:
"உங்களுக்குப் பைத்தியமா?"
மூன்று நிமிடம்.
நான்கு.
கண்ணாடியில் டம்ளர் டம்ளராகப் பிடித்து
விளக்கருகே தூக்கிப் பார்த்தேன்.
தேநீர் நிறம்.
நீர்த்த தேநீர்.
ஏழாவது நிமிடத்தில் எனக்குப் பொறுக்கவில்லை,
கழிப்பறைக்கு ஆகுமே என்று ஒரு வாளியை நீட்டினேன்.
அவர் சிரித்தார்.
ஆகஸ்டுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

பத்தாவது நிமிடம் குழாயைத் திருப்பினார்.
வெறும் வயிற்றில் விழுவது போல
தொட்டி அதிர்ந்தது.
பிறகு சத்தம் தடித்து, தாழ்ந்து, பேச்சை நிறுத்தியது.

காலை வெயில் ஏறியதும் தொட்டியின் மேல்
உள்ளங்கையை வைத்து இறக்கிக்கொண்டே போனேன்.
சூடு, சூடு, சூடு.
என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே
சட்டென்று குளிர்.
அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு.

நொமூசாவுக்குப் போன் செய்தேன்.
"அமான்சி!"
வைத்துவிட்டேன்.

அவள் வேலியருகே வருவதற்குள்
சமையலறைக் குழாய் ஒருமுறை இருமியது.
ஓடிப்போய்ப் பார்த்தேன்:
சொட்டு இல்லை.
மீட்டர் மட்டும் கால் சுற்று சுற்றி
நின்றது.